பனையோலை அசையாத காலையில்: மின்சார ஏரோபாட்டிக் விமானத்தின் முதல் பறத்தல்களும் சரிசெய்தலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அறுவடை முடிந்த வயல்களில் பல வருடங்களாக ரேடியோ கண்ட்ரோல் விமானம் பறக்கவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சியிலிருந்தும், மேற்கே பாலக்காட்டிலிருந்தும் தம்பிமார்கள் வருவார்கள். பயிற்சி விமானத்தில் கை பழகி, முதல் ஏரோபாட்டிக் (வானில் கரணமடிக்கும்) விமானத்தைப் பெட்டியோடு எடுத்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். எண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறக்கை நீளமும் 900 கிராம் எடையும் கொண்ட, 3 செல் 2200 மில்லி ஆம்பியர்-மணி லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓடும் நுரை விமானத்துக்கானவை.

பயிற்சி விமானத்தை நன்றாகவே ஓட்டுகிறேன். இதில் அப்படி என்ன வேறுபாடு, அண்ணா?

பயிற்சி விமானத்தின் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இரு முனைகளும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரின் குச்சியை விட்டுவிட்டால் அது தானாகவே நிமிர்ந்துகொள்ளும். ஏரோபாட்டிக் விமானத்தின் இறக்கை உடலின் நடுவில் நேராக இருக்கும். மேற்புறமும் அடிப்புறமும் ஒரே வளைவு. நிமிர்ந்து பறப்பதும் தலைகீழாகப் பறப்பதும் அதற்கு ஒன்றுதான். அதனால் தானாக நிமிராது. 30 டிகிரி சாய்த்து விட்டால் அந்தச் சாய்விலேயே போய்க்கொண்டிருக்கும். சாய்த்தவர்தான் நிமிர்த்த வேண்டும்.

எக்ஸ்ட்ரா 300, எட்ஜ் 540 போன்ற நிஜ விமானங்களைப் பார்த்துச் செய்த வடிவங்கள்தான் கடைகளில் அதிகம். எதை வாங்கினாலும் இந்தக் குணம் ஒன்றே. பயிற்சி விமானத்தில் நான்கு திசையிலும் எட்டு போட்டு, எதிரே வரும்போது இடம் வலம் குழம்பாமல், நினைத்த இடத்தில் இறக்க முடிகிறதென்றால் நீங்கள் தயார்.

பெட்டியில் வந்தபடியே பூட்டிப் பறக்கவிடலாமா?

கூடாது. முதல் பறத்தல் நல்லபடியாக அமைவது மேசையில்தான் முடிவாகிறது. ஒரு முழு மாலையை அதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் ப்ராப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். அடுத்து, இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளை ஆட்டும் சிறு மோட்டார்களான சர்வோக்களை நடுநிலைக்குக் கொண்டுவந்து, சர்வோ கை, அதைப் பலகையோடு இணைக்கும் கம்பியான புஷ்ராடுக்குச் செங்குத்தாக நிற்கும் பல்லில் மாட்டுங்கள். பல் சரியாக அமையவில்லை என்றால் கையை 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே அமைந்துவிடும். மீதமுள்ள சிறு கோணத்தைப் புஷ்ராடின் நீளத்தில் சரி செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டரின் சப்-ட்ரிம் (சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) கடைசியாக, மிகக் கொஞ்சமாக. பெரிய சப்-ட்ரிம் போட்டால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும், வாலின் படுக்கைப் பலகை) மேலே போகும் அளவும் கீழே போகும் அளவும் வேறாகிவிடும். அப்புறம் லூப் (வானில் போடும் செங்குத்து வட்டம்) ஒரு மாதிரியும் தலைகீழ் லூப் வேறு மாதிரியும் வரும். காரணம் தெரியாமல் அலைவீர்கள்.

பலகையில் நிற்கும் சிறு கொம்பான ஹார்னில் கம்பி மாட்டும் துளைகள் கீல் கோட்டுக்கு நேர் மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். எலிவேட்டரை இரு விரலால் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். சர்வோ நகராமல் எலிவேட்டர் மட்டும் ஆடினால் எங்கோ துளை பெரிதாகிவிட்டது. வேகத்தில் அந்த ஆட்டம் படபடவென்ற அதிர்வாக மாறி, கீலையே பிய்த்துவிடும்.

எந்தத் திசையில் எது அசைய வேண்டும்?

விமானத்தின் வாலுக்குப் பின்னால், அது பார்க்கும் திசையைப் பார்த்தபடி நில்லுங்கள். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வல எய்லரான் (இறக்கையின் பின்விளிம்புப் பலகை) மேலே எழ வேண்டும். எலிவேட்டர் குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ரட்டர் (வாலின் நிமிர்ந்த பலகை) குச்சி வலமென்றால் ரட்டரும் வலம்.

இதை எல்லோரும் ஒருமுறை பார்ப்பார்கள். ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்பு பார்க்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். ஒரு சனிக்கிழமை இரவு எய்லரான் சர்வோ ஒன்றை மாற்றினேன். மறுநாள் காலை களத்தில் குச்சியை ஆட்டிப் பார்த்தேன். எய்லரான் அசைந்தது, திருப்தியானேன். எந்தப் பக்கம் அசைந்தது என்று பார்க்கவில்லை. விமானம் எழும்பியதும் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தது, நான் வலம் கொடுத்தேன், இன்னும் சாய்ந்தது, இன்னும் கொடுத்தேன். மூன்று நொடிகளில் கடலைக்காட்டு வரப்பில் மூக்கு நொறுங்கிக் கிடந்தது. அசைகிறதா என்று பார்ப்பது வேறு, சரியாக அசைகிறதா என்று பார்ப்பது வேறு.

எவ்வளவு அசைவு வைக்க வேண்டும்? கையேட்டில் டிகிரியில் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் ஸ்கேல்தான் இருக்கிறது.

முதல் பறத்தலுக்கு எலிவேட்டர் 10 முதல் 12 டிகிரி, எய்லரான் 15 டிகிரி, ரட்டர் 25 டிகிரி போதும். டிரான்ஸ்மிட்டரில் அசைவின் அளவை மாற்றும் சுவிட்சின் மறுபக்கத்தில் பெரிய அசைவுகளை, எலிவேட்டரும் ரட்டரும் 45 டிகிரி, எய்லரான் 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில பறத்தல்களில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஸ்கேலில் அளக்க, எலிவேட்டரின் அகலத்தைக் கீல் கோட்டிலிருந்து பின்விளிம்பு வரை எடுங்கள். 6 செ.மீ. அகலமென்றால் 12 டிகிரிக்குப் பின்விளிம்பு ஏறத்தாழ 1.25 செ.மீ. நகரும், 45 டிகிரிக்கு 4.2 செ.மீ. நகரும். வேறு அகலமென்றால் அதே விகிதம்.

அசைவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் சர்வோ கையின் உள்துளைக்குப் போங்கள். டிரான்ஸ்மிட்டரில் 40 சதவீதமாக வெட்டினால் சர்வோவின் நுட்பத்தில் பாதிக்கு மேல் வீணாகிறது. ஆட்டமும் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பெரிய அசைவுகளும் அதே விமானத்தில் வேண்டுமே என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால் பெரிய அசைவு 100 சதவீதத்தில் வரும்படி துளையைத் தேர்ந்தெடுங்கள், சிறிய அசைவை டியூயல் ரேட்டில் (அந்தச் சுவிட்சின் அமைப்பில்) இறக்குங்கள். முதல் ஒரு மாதம் பெரிய அசைவே வேண்டாம் என்பவர் உள்துளையிலேயே இருக்கலாம். நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் மாட்டித் தருகிறேன்.

எக்ஸ்போ எவ்வளவு? அதில் கூட்டல் கழித்தல் குழப்பம் இருக்கிறதாமே?

எக்ஸ்போ என்பது குச்சியின் நடுப்பகுதியை மென்மையாக்குவது. முழுதாகத் தள்ளினால் முழு அசைவு வரும். நடுவில் கை நடுங்கினால் விமானம் நடுங்காது. சிறிய அசைவுக்கு 20 முதல் 30 சதவீதமும், பெரிய அசைவுக்கு 50 முதல் 60 சதவீதமும் நல்ல தொடக்கம்.

குறி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஸ்பெக்ட்ரம் டிரான்ஸ்மிட்டரில் கூட்டல் எண் மென்மையாக்கும். ஃபுட்டாபாவில் கழித்தல் எண் மென்மையாக்கும். மாற்றிப் போட்டால் நடுவில் குச்சியைத் தொட்டாலே விமானம் துள்ளும். திரையில் வரும் கோட்டைப் பாருங்கள். நடுவில் படுத்து, ஓரங்களில் நிமிர வேண்டும். அதோடு நிற்காமல் குச்சியைக் கால்பங்கு மட்டும் நகர்த்தி, எலிவேட்டர் மெல்ல நகர்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள்.

சி.ஜி. எங்கே இருக்க வேண்டும்?

சி.ஜி. என்று நாம் சொல்லும் எடை மையம், இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள் அமைய வேண்டும். சராசரி அகலம் 20 செ.மீ. என்றால் 5 செ.மீ. முதல் 6.6 செ.மீ. வரை. முதல் பறத்தலுக்கு முன்பக்க எல்லையில் வையுங்கள். மூக்குக் கனமான விமானம் சோம்பலாகப் பறக்கும், ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரும். வால் கனமானது பெரும்பாலும் வராது.

பறக்கும் நிலையில், பேட்டரியோடு, இரு விரல் நுனிகளில் இறக்கையின் அடியில் தாங்கிப் பாருங்கள். சமநிலை வரவில்லை என்றால் ஈயத்தைத் தேடாமல் பேட்டரியை நகர்த்துங்கள். கணக்கு எளியது: பேட்டரி ஏறத்தாழ 180 கிராம், முழு எடை 900 கிராம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பேட்டரியை 1 செ.மீ. நகர்த்தினால் சி.ஜி. 2 மி.மீ. நகரும். சி.ஜி. 5 மி.மீ. பின்னால் போக வேண்டுமென்றால் பேட்டரி 2.5 செ.மீ. பின்னால் போக வேண்டும். பேட்டரித் தட்டில் பேனாவால் கோடு போட்டு வைத்தால் அடுத்த வாரம் தடுமாற வேண்டியதில்லை.

பக்கவாட்டுச் சமநிலையும் உண்டு. ப்ராப்பெல்லர் அச்சிலும் வால் முனையிலும் நூல் கட்டித் தொங்கவிட்டால் எந்த இறக்கை கனம் என்று தெரியும். லேசான பக்கத்து முனையில் சிறு எடை ஒட்டுங்கள். இதைச் செய்யாதவர்கள், இறுக்கமான லூப் போடும்போது விமானம் ஒரு பக்கம் விலகுவதை எய்லரான் ட்ரிம்மில் (குச்சியை விட்டாலும் பலகையைச் சற்று நகர்த்தி வைக்கும் பொத்தானில்) சரிசெய்யப் பார்ப்பார்கள்; சரியாகாது.

மோட்டார், ப்ராப்பெல்லர் பொருத்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

ப்ராப்பெல்லரில் எழுத்து அச்சிட்ட பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். வாட்மீட்டரில் முழுத் த்ராட்டிலில் (மோட்டாரின் முழு பலத்தில்) சில நொடிகள் ஓட்டிப் பாருங்கள். 30 ஆம்பியர், 11 வோல்ட் என்றால் 330 வாட். 900 கிராம் விமானத்துக்கு இது நேராக மேலேறப் போதுமான பலம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. 40 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் அந்த இடைவெளி தேவை.

த்ராட்டிலைப் பூட்டும் சுவிட்சு ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, ப்ராப்பெல்லர் இல்லாமல், டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். ரிசீவருக்கு இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டுங்கள்.

எந்த நேரத்தில், எந்த மாதத்தில் முதல் பறத்தலை வைத்துக்கொள்ளலாம்?

நம் ஊரில் இதுதான் தலையாய கேள்வி. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் நிற்க, நடுவே 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த வாசல்தான் பாலக்காட்டுக் கணவாய். நாம் அந்த வாசற்படியில் நிற்கிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று இதன் வழியே பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்குப் பழமொழி அல்ல, வானிலை அறிக்கை. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். பிறகு கார்த்திகை பிறந்தால், மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்கிறார்களே, அது கிழக்கிலிருந்து வறண்டு வீசத் தொடங்கும். தை வரை விடாது.

ஆகவே முதல் பறத்தலுக்கு நான் சொல்லும் காலம், இரண்டாம் போக நெல் அறுத்து வயல் காய்ந்து கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதக் காலை. சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள். வயலோரப் பனைகளைப் பாருங்கள். பனையோலை அசையாமல் தொங்கினால் பறக்கவிடலாம். நுனி மட்டும் சலசலத்தால், சரிசெய்து முடித்த விமானத்துக்கு அது பொருட்டே இல்லை; முதல் பறத்தலுக்கு வேண்டாம். மொத்த மட்டையும் ஒரு பக்கம் சாய்ந்து உரசும் சத்தம் கேட்டால் பெட்டியைத் திறக்காதீர்கள்.

காற்றில் பறக்க முடியாது என்பதல்ல காரணம். காற்றில் சரிசெய்ய முடியாது. விமானம் இடப்பக்கம் போவது மோட்டாரின் கோணத்தாலா, காற்றாலா என்று பிரித்தறிய வழியில்லை. காற்றுக்காக நீங்கள் போட்ட ட்ரிம், காற்றில்லாத நாளில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

வயலில் ஓடி எழும்ப முடியுமா?

நெல் அறுத்த தாளில் சக்கரம் சிக்கி மூக்குக் குத்தும். சித்தூரின் கிழக்கே பல இடங்களில் கரிசல் மண். ஏப்ரலில் அது இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு கோடை மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுற்றவே விடாது. நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் கிடைத்தால் அதிலிருந்து எழும்புங்கள். உரியவரிடம் கேட்டுவிட்டு, நெல் கிடக்காத நாளில். இல்லையென்றால் அனுபவமுள்ள ஒருவர் அரை த்ராட்டிலுக்குச் சற்று மேல் வைத்து, இறக்கை சமமாக, தொடுவானத்தைப் பார்த்து எறியட்டும். மேல்நோக்கி எறிய வேண்டாம். முதல் பறத்தலில் எறிபவரும் ஓட்டுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

முதல் பறத்தலை நிமிடவாரியாகச் சொல்ல முடியுமா?

கிளம்பும் முன் டிரான்ஸ்மிட்டரின் தூரச் சோதனை முறையில் 30 எட்டு வைத்து நடந்து, அசைவுகள் தடையின்றி வருகின்றனவா என்று பாருங்கள். திசைச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். டைமரை 5 நிமிடத்துக்கு வையுங்கள்.

த்ராட்டிலைப் படிப்படியாக ஏற்றுங்கள். மோட்டாரின் சுழற்சி மூக்கை இடப்பக்கம் இழுக்கும். சிறிது வல ரட்டர் கையில் தயாராக இருக்கட்டும். எழும்பியதும் திரும்ப அவசரப்படாமல் நேராக ஏறுங்கள். நல்ல தென்னை 20 மீட்டருக்கு மேல் இருக்கும்; அதைப்போல் மூன்று மடங்கு உயரம் வந்த பிறகு த்ராட்டிலைப் பாதிக்குக் குறையுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் ட்ரிம்முக்கு மட்டும். பாதித் த்ராட்டிலில், இறக்கை சமமாக இருக்கும்போது குச்சிகளை ஒரு நொடி விடுங்கள். எந்தப் பக்கம் நழுவுகிறதோ அதற்கு எதிரே இரண்டு மூன்று சொடுக்கு ட்ரிம் கொடுத்துவிட்டு மறுபடி விடுங்கள். முதலில் எய்லரான், அப்புறம் எலிவேட்டர். உங்களுக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, நீங்கள் சொல்வதை அவர் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். கண் விமானத்தை விட்டு அகலவே கூடாது.

மூன்றாம் நிமிடம் ஸ்டால் பார்ப்பது. அதே உயரத்தில் த்ராட்டிலை முழுதாக இறக்கி, எலிவேட்டரை மெல்ல மெல்ல இழுங்கள். வேகம் செத்து மூக்கோ ஒரு இறக்கையோ விழும் அந்தக் கணத்தை மனத்தில் பதியுங்கள். தரைக்கு அருகே அது வந்தால் என்ன தெரியும் என்பதை உயரத்திலேயே கற்றுக்கொள்கிறீர்கள். விழுந்தால் எலிவேட்டரை விட்டு, த்ராட்டில் கொடுத்து, வேகம் வந்தபின் நிமிர்த்துங்கள்.

நான்காம் நிமிடம் இறங்கத் தொடங்குங்கள். பயிற்சி விமானத்தைப் போல மிதந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். த்ராட்டிலை மூடினால் கல்லைப்போல் இறங்கும். கால்பங்குத் த்ராட்டிலோடு கடைசி வரப்பைத் தாண்டி, இடுப்பளவு உயரத்துக்கு வந்த பிறகு மெதுவாகக் குறையுங்கள். இறங்கும் வேகத்தைத் த்ராட்டிலாலும் மூக்கின் கோணத்தை எலிவேட்டராலும் நடத்துங்கள்.

லூப்பும் ரோலும் (பக்கவாட்டில் ஒரு முழுப் புரளல்) இன்று வேண்டாம். மேசைக்குப் போய், ட்ரிம் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்து, புஷ்ராடைத் திருகி அதே நிலையைக் கொண்டுவந்து, ட்ரிம்மைப் பூஜ்யமாக்குங்கள்.

சி.ஜி. சரியா என்று பறக்கும்போது எப்படித் தெரியும்?

முக்கால் த்ராட்டிலில் 45 டிகிரி கோட்டில் மேலே ஏறுங்கள். அரை ரோல் போட்டுத் தலைகீழாக்கி, அதே கோட்டில் எலிவேட்டரை விடுங்கள். சிறிது தூரம் கோட்டிலேயே போய்ப் பிறகு மெதுவாக மூக்கைத் தாழ்த்தினால் நல்ல இடம். உடனே மூக்குக் கவிழ்ந்தால் மூக்குக் கனம். பேட்டரியைப் பின்னால் நகர்த்துங்கள். தானாக வானத்தை நோக்கி இன்னும் நிமிர்ந்தால் வால் கனம். இறக்கி, பேட்டரியை முன்னால் தள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் 1 செ.மீ.க்கு மேல் நகர்த்த வேண்டாம். சி.ஜி. மாறினால் எலிவேட்டர் ட்ரிம்மும் மாறும். முதலில் அதைச் சரிசெய்து, பிறகே மறு சோதனை. பொறுமையற்ற கைகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. பேட்டரியை நகர்த்தி, எக்ஸ்போவை மாற்றி, ப்ராப்பெல்லரையும் மாற்றிவிட்டு மேலே போகிறார்கள். விமானம் மாறிவிட்டது என்று தெரிகிறது, எதனால் என்று தெரிவதில்லை. ஒரு பறத்தலுக்கு ஒரு மாற்றம். நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி.

நேராக மேலே ஏற்றினால் இடப்பக்கம் வளைந்துகொண்டே போகிறது. ரட்டர் ட்ரிம் போடலாமா?

போடாதீர்கள். ட்ரிம் எல்லா வேகத்திலும் வேலை செய்யும்; இந்தக் கோளாறோ மோட்டார் முழு பலத்தில் இழுக்கும்போது மட்டும் வருகிறது. ட்ரிம் போட்டால் ஏறும்போது நேராகப் போகும், இறங்கும்போது வலப்பக்கம் விலகும்.

மோட்டாரின் கோணத்தை மாற்ற வேண்டும். ஏரோபாட்டிக் விமானங்களில் மோட்டார் சற்றே வலப்பக்கம் பார்த்திருக்கும். 2 முதல் 3 டிகிரி. சோதனை இப்படி: விமானத்தை உங்களிடமிருந்து நேரே விலகிப் போகவிட்டு, இறக்கை சமமாக இருக்கும்போது முழுத் த்ராட்டிலில் செங்குத்தாக இழுங்கள். குச்சிகளைத் தொடாமல் பாருங்கள். மூக்கு இடப்பக்கம் சாய்ந்தால் வலக் கோணம் போதவில்லை. வலப்பக்கம் சாய்ந்தால் அதிகம். மூன்று தடவை ஏற்றி மூன்றிலும் ஒரே பக்கம் போனால்தான் நம்புங்கள்.

கீழே இறக்கி, மோட்டார் தாங்கியின் இடப்பக்கத் திருகுகளுக்கு அடியில் வாஷர் வையுங்கள். திருகுகளுக்கு இடையே 40 மி.மீ. தூரமென்றால் 1 மி.மீ. வாஷர் ஏறத்தாழ 1.4 டிகிரி தரும். பெரும்பாலும் ஒரே வாஷரில் தீர்ந்துவிடும். ஐம்பது பைசா பெறாத அந்த வட்டத் தகடு, ஆயிரக்கணக்கில் விலையுள்ள டிரான்ஸ்மிட்டரில் எத்தனை மிக்ஸ் (ஒரு குச்சியோடு வேறொரு பலகையும் அசையச் செய்வது) போட்டாலும் கிடைக்காத நேர்க்கோட்டைத் தருவதை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அதே ஏற்றத்தைப் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். மேல்புறம் நோக்கி வளைந்தால் மோட்டார் இன்னும் கொஞ்சம் கீழே பார்க்க வேண்டும். அடிப்புறம் நோக்கி வளைந்தால் கீழ்க் கோணத்தைக் குறைக்க வேண்டும்.

நைஃப் எட்ஜில் ரட்டர் கொடுத்தால் விமானம் வேறு பக்கம் போகிறது.

கத்தியை நிறுத்தியதுபோல் ஒரு இறக்கை வானையும் மறு இறக்கை மண்ணையும் பார்க்கப் பறப்பதுதான் நைஃப் எட்ஜ். ரட்டர்தான் அப்போது உயரத்தைத் தாங்குகிறது. ரட்டர் கொடுக்கும்போது விமானம் சக்கரப் பக்கமாகவோ கண்ணாடிக் கூரைப் பக்கமாகவோ இழுக்கும். சில விமானங்கள் புரளவும் பார்க்கும். சி.ஜி.யும் மோட்டார் கோணமும் முடிந்த பிறகே இதற்கு வாருங்கள். இங்கே மிக்ஸ் போடலாம்: ரட்டரோடு எலிவேட்டரும், தேவைப்பட்டால் எய்லரானும் சிறிது சேர்ந்து அசையும்படி. இரண்டு சதவீதத்தில் தொடங்கி, இரு பக்கமும் தனித்தனியே பாருங்கள். வலத்துக்கும் இடத்துக்கும் ஒரே எண் வருவது அபூர்வம்.

கைரோ வைத்தால் இதெல்லாம் தேவையில்லை என்கிறார்களே?

கைரோ என்ற உணர்கருவி காற்றின் குலுக்கலைத் தானே அடக்கும். நம் கணவாயில் அது பெரும் உதவி; நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சி.ஜி. தவறிய விமானத்தில் அது தவறை மறைத்துவைக்கும், தீர்க்காது. முதலில் கைரோவை அணைத்துச் சரிசெய்து முடியுங்கள். பிறகு குறைந்த கெயினில் (கைரோ எதிர்க்கும் அளவு) போட்டு, படிப்படியாக ஏற்றுங்கள். வேகமாகப் போகும்போது வால் சிறு சிறு அதிர்வாக ஆடினால் கெயின் அதிகம். மேசையில் கைரோவின் திசையையும் சோதியுங்கள்: வல இறக்கையைக் கையால் கீழே சாய்த்தால் வல எய்லரான் கீழே இறங்கி எதிர்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் அசைந்தால் விமானம் எழும்பிய நொடியிலேயே சுழன்றுவிடும்.

எத்தனை நிமிடம் பறக்கலாம்? வெயிலில் பேட்டரி வைக்கலாமா?

2200 மில்லி ஆம்பியர்-மணியில் 80 சதவீதம், அதாவது 1760 மட்டுமே உங்களுடையது. சராசரி 15 ஆம்பியர் என்றால் 7 நிமிடம். ஆரம்பத்தில் 5 போதும். இறங்கியதும் செல் ஒவ்வொன்றும் 3.75 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். அதைப் பார்த்து டைமரைக் கூட்டலாம், குறைக்கலாம். சார்ஜ் 2.2 ஆம்பியரில். அந்த வாரம் பறக்கவில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள்.

பாலக்காட்டுக் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பூட்டிய காருக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். பேட்டரியை நிழலில், மண்பானைக்குப் பக்கத்தில், மூடிய பெட்டியில் வைக்கிறோம். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் ஆறும் வரை சார்ஜ் ஏற்றக் கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி பறக்கவிடாதீர்கள்.

பருந்து விரட்டுகிறது, என்ன செய்வது?

செம்பருந்தும் கரும்பருந்தும் இங்கே அதிகம். பறவை மேலிருந்துதான் தாக்கும். உயரத்தைக் குறைத்து, திருப்பி, இறக்கிவிடுங்கள். கூடு கட்டும் மாதங்களில் அந்த மரத்துப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. இடம் முதலில் அதனுடையது.

அனுமதி ஏதாவது வேண்டுமா?

மாநில எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றாலும் சட்டம் ஒன்றே. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு மாதிரி விமானங்களையும் உள்ளடக்கியவை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. வணிக நோக்கமில்லாமல் ஓட்டினால் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவையில்லாத வான்பகுதி) 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான். விமான நிலையத்தைச் சுற்றியும் முக்கிய இடங்களைச் சுற்றியும் மஞ்சள், சிவப்பு மண்டலங்கள் உண்டு. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைக் கிளம்பும் அன்றே பாருங்கள். பதிவு குறித்த விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள். வயல் உரிமையாளரிடம் கேட்பது விதியில் எழுதியிருக்கிறதோ இல்லையோ, நாம் கேட்க வேண்டும்.

விழுந்துவிட்டால்?

முதலில் த்ராட்டிலைப் பூட்டுங்கள், பிறகு ஓடுங்கள். பேட்டரியைக் கழற்றித் தனியே மண்ணில் வைத்து, கால் மணி நேரம் கவனியுங்கள். நசுங்கிய நுரையின் மேல் சுடுநீர் ஊற்றினால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். உடைந்த இடத்தில் நுரையைக் கரைக்காத பசைதான் வேண்டும். சாதாரண சூப்பர் க்ளூ வகைப் பசை தெர்மோகோலை உருக்கிவிடும். ஒட்டிய பிறகு மோட்டார் கோணத்தை மறுபடி அளக்காமல் பறக்கவிடாதீர்கள். மூக்கு இடித்த விமானத்தில் பழைய வாஷர் கணக்கு செல்லாது.

ஹோவர் (மூக்கு மேலே பார்க்க ஒரே இடத்தில் தொங்கி நிற்பது) எப்போது பழகலாம், அண்ணா?

தலைகீழ்ப் பறத்தலில் இரு பக்கமும் திரும்ப முடிகிறது, நைஃப் எட்ஜில் வயலின் ஒரு வரப்பிலிருந்து மறு வரப்பு வரை உயரம் குறையாமல் போக முடிகிறது என்றால் தொடங்கலாம். பெரிய அசைவுகள் இருக்கும் சுவிட்சு இப்போதுதான் உங்களுக்கு வேண்டும்.

தென்னையின் இரு மடங்கு உயரத்தில், மெதுவாக வந்து மூக்கை நிமிர்த்துங்கள். விமானத்தின் மேல்புறம் உங்களைப் பார்க்கட்டும். அந்த நிலையில் வல ரட்டர் கொடுத்தால் மூக்கு உங்கள் வலப்பக்கமே சாயும். எலிவேட்டரை இழுத்தால் மூக்கு உங்களை நோக்கி வரும். அடிப்புறம் உங்களைப் பார்த்தால் இரண்டும் மாறிவிடும். முதல் சில வாரங்களுக்கு அந்தப் பக்கம் வேண்டாம். த்ராட்டிலை ஒரே இடத்தில் பிடிக்காமல், சிறு சிறு தட்டல்களாகக் கொடுங்கள். ஒவ்வொரு தட்டலிலும் ப்ராப்பெல்லர் காற்று வாலில் அடிக்கும். அந்த நொடியில்தான் ரட்டருக்கும் எலிவேட்டருக்கும் பலம் உண்டு. ஒரு தென்னை உயரத்துக்கு இறங்கியதும், நன்றாக நிற்கிறதே என்று தோன்றினாலும், முழுத் த்ராட்டில் கொடுத்து மேலே கொண்டுபோய் மறுபடி தொடங்குங்கள்.